திராட்சைப் பந்தலில் இறங்கிய விமானம்

2009ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில், சுருளிப்பட்டிக்கு வெளியே அறுவடை முடிந்து கிடந்த ஒரு நெல்வயலின் ஓரத்தில் என் மின்விமானத்தோடு நின்றிருந்தேன். ரிமோட்டால் இயங்குவது, வானில் குட்டிக்கரணம் போடவல்லது. இறக்கையின் அகலம் ஒரு மீட்டர்.

வாங்கியபோது அதிலிருந்த மோட்டாருக்கு நேராக மேலேறும் வலு இல்லை. பல மாதங்கள் பொறுத்திருந்து பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வரவழைத்துப் பொருத்தினேன். இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடல்களை அசைக்கும் சர்வோ எனும் குட்டி மோட்டார்களையும் மாற்றினேன். பழனிசெட்டிபட்டியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சோதித்தேன். எடை சமமாக நின்றது, திருகுகள் இறுகியிருந்தன, மடல்கள் அசைந்தன.

வயலை ஒட்டி ஒரு திராட்சைத் தோட்டம். கல்தூண்களின்மேல் கம்பி இழுத்துக் கட்டிய பந்தலின் கீழே நான்கு பெண்கள் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

விமானம் மண்பாதையில் ஓடி எழும்பியது. எழும்பியதும் சற்றே இடப்பக்கம் சரிந்தது. ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன், இன்னும் சரிந்தது. பதறிப்போய் முழுவதும் தள்ளினேன். ஏறக்குறையப் புரண்டு, பந்தலை நோக்கிப் பாய்ந்தது. மோட்டாரை நிறுத்த மட்டுமே எனக்கு நேரமிருந்தது.

கொடிகளுக்குள் செருகி நின்றுவிட்டது. அதற்கு இரண்டடி தள்ளி ஒரு பெண் கூடையோடு நின்றிருந்தார். யாருக்கும் காயமில்லை. வசவை எதிர்பார்த்தே ஓடினேன். இறக்கையைப் பிடித்து இழுக்கப்போன என்னைத் தோட்டத்தின் சொந்தக்காரப் பெண்மணி தடுத்தார். அவரும் கத்தரியோடு மற்றவர்களுடன் பழம் வெட்டிக்கொண்டிருந்தவர்தாம்.

"இழுக்காதீக சார், றெக்கை கிழிஞ்சிரும்."

ஒரு பெட்டியின்மேல் ஏறி, குலைகள் தொங்கிய தம் கொடியையே வெட்டி, விமானத்தைக் கீறலின்றி இறக்கிக் கொடுத்தார். நான் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன்; காற்று தள்ளிவிட்டது என்றேன். அத்தோடு விட்டேனா? இறக்கை நன்றாகத்தான் இருக்கிறது, இன்னொரு முறை ஏவிப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். இன்று எழுதவே கூசுகிறது.

"காத்தா? ஒரு எலை ஆடலையே!" என்றார் அவர். மற்ற மூவரும் சிரித்தார்கள். "நீங்க ஒடம்ப அந்தப் பக்கம் சாய்க்கிறீக, அது இந்தப் பக்கம்ல சாயுது. சொன்ன பேச்சு கேக்காத மாட்ட மறுபடியும் அவுத்து விடுவீகளா?"

குச்சியோடு சேர்ந்து என் உடலும் சாய்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. விமானத்தைத் தரையில் வைத்து, அதன் பின்னால் நின்று, குச்சியை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தேன். உயர வேண்டிய வலது மடல் தாழ்ந்தது. புதிய சர்வோக்கள் எதிர்த்திசையில் இயங்கியிருக்கின்றன. மேசையில் விமானத்தின் மூக்கு என்னைப் பார்த்து இருந்தது. அதன் வலம் எனக்கு இடம். அதனால் தவறே எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. மடல் அசைகிறதா என்று பார்த்தவன், எத்திசையில் அசைகிறது என்று பார்க்கவில்லை. மீண்டும் ஏவியிருந்தால் அது அதே பந்தலுக்குத்தான் போயிருக்கும். அந்த இரண்டடி இடைவெளி மறுமுறையும் வாய்த்திருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

ரிமோட்டில் ஒரு சிறு பொத்தானை மாற்றியதும் கோளாறு தீர்ந்தது. ஆனாலும் அவர்கள் வேலை முடித்துப் பந்தலைவிட்டு வெளியே வரும்வரை காத்திருந்தேன். பிறகு ஏவியபோது விமானம் நெட்டுக்குத்தாக ஏறி, வட்டமடித்துப் புரண்டு, சொன்னபடி கேட்டது.

"இன்னொருக்கா குட்டிக்கரணம் போடச் சொல்லுங்க சார்!" என்றார் பழம் வெட்டிய பெண்களில் ஒருவர்.

பேட்டரி தீரும்வரை போடச் சொன்னேன். புறப்படும்போது அந்தப் பெண்மணி, வெட்டிய கொடியிலிருந்த குலைகளைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினார்.

"இது உங்க பிளேனு அறுத்த பழம். கூலியா வச்சுக்கிருங்க."

இன்றும் விமானத்தின் பின்னால் நின்று மடல்களைப் பார்க்காமல் நான் ஏவுவதில்லை. தம் கொடியை வெட்டி என் விமானத்தையும், ஒரு கேலியால் பெரும்பழியிலிருந்து என்னையும் காத்த அவரை, அப்படி நிற்கும் ஒவ்வொரு முறையும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.