படி இல்லாத வீடு

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தபோது, நாங்கள் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே பிளைவுட் கடை, மேலே நாங்கள். ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய, நடுவில் திரும்புகிற படிக்கட்டு. அவரை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகும் நாளெல்லாம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேரைக் கெஞ்சிக் கூட்டி வந்து, நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குவேன். மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர் அவர். ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தே போய் ஒவ்வொருவரிடமும் பேசிவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனிதரை நாற்காலியோடு தூக்குவதைப் பிளைவுட் வாங்க வந்தவர்களெல்லாம் நின்று பார்ப்பார்கள்.

ஒரு நாள் அந்தத் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்து, அவர் தோள் சுவரில் உராய்ந்து ரத்தம் வந்தது. மேலே கொண்டுவந்து சேர்த்த பிறகு, குழறிக் குழறிச் சொன்னார்.

"இனிமே என்னக் கீழ எறக்காத. எறக்குனா ஒரேடியா எறக்கு."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் உண்மையிலேயே கீழே வரவில்லை. சிகிச்சையும் நின்றுபோனது. ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பதோடு சரி.

ஊருக்கு வெளியே, கரும்புக் கொல்லையாக இருந்ததை மனை போட்டு விற்ற இடத்தில் எங்களுக்கு ஒரு மனை கிடந்தது. சுற்றிலும் வேலிக்காத்தான், அங்கங்கே புது வீடுகள். அதில் ஒரு வீடு கட்டுவது என்று முடிவு செய்தேன். மாடி வேண்டாம், அழகு வேண்டாம், ஒரே ஒரு படிகூட இருக்கக் கூடாது. சமதரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து அவரால் நடக்க முடியும். காலைத் தூக்கத்தான் வராது. ஒரு செங்கல் உயரம் என்றாலும் அவருக்கு அது கல்வராயன் மலை. வீட்டுக்குள்ளிருந்து ரோடு வரை தானாக நடந்து போய் நின்று, யாரையாவது நிறுத்தி ஊர்க்கதை பேசிவிட்டு அவர் திரும்பி வரவேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். அதைக் கட்டித்தரத்தான் ஊரில் ஆள் கிடைக்கவில்லை.

முதலில் போனது ஓர் இன்ஜினியரிடம். ஏசி அறையில் பெரிய டிவியில் என் வீட்டை எனக்கே சுற்றிக்காட்டினார். வாசலில் கருப்பு கிரானைட்டில் பளபளவென்று படிகள்.

"சார், படி வேணாம்னு சொன்னனே."

"மேடம், வருஷத்துக்கு வருஷம் ரோடு ஏறிக்கினே போவுது. பேஸ்மட்டம் ஒசத்தலன்னா நாளைக்கி உங்க வூடு பள்ளத்துல கெடக்கும்."

அவர் சொன்னது பொய்யில்லை. ரோடு மேல் ரோடு போட்டு, பழைய வீடுகளின் வாசல் பள்ளத்துக்குள் இறங்கிப்போனதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். சரி, சாய்தளமாவது வைக்கலாமே என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த உயரத்துக்குச் சாய்தளம் வைத்தால் அது மனையைத் தாண்டி நடு ரோட்டில் போய் முடியும் என்றார். வேண்டுமானால் சின்னதாக லிஃப்ட் வைத்துக்கொள்ளலாமாம். சமதரை கேட்கப் போனவளுக்கு லிஃப்ட்! எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு எத்தனை பேரைப் பார்த்தேன் என்று எண்ணவில்லை. நைனார்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியைகள் ஆளுக்கொருவரைச் சொன்னார்கள். எல்லோரும் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, படியோடுதான் பிளான் போட்டுக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஜன்னலோரமே இருந்தார். பேசுவதும் குறைந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன்.

அந்த நிலையில்தான் வீடு கட்டும் மேஸ்திரி ஒருவர் வந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம் டீச்சரம்மா" என்றார். படி இல்லாமல் முடியுமா? பண்ணிடலாம். வீல்சேர் உள்ளே வருமா? பண்ணிடலாம். காய்ந்து கிடந்த எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அன்றைக்கு ஆடி வெள்ளி. வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறும் கையோடு அனுப்பக் கூடாதென்று, தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி வைத்து அந்தம்மாவிடம் கொடுத்தேன். அவர்கள் முகம் அப்படியே மலர்ந்துபோனது. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மறு வாரம் மேஸ்திரி கட்டிக்கொண்டிருந்த இன்னொரு வீட்டைப் பார்க்கப் போனேன். தரைமட்டம் என் இடுப்புக்கு மேல் இருந்தது.

"எனக்கு இப்டி வேணாம் மேஸ்திரி."

"படி இல்லாம இன்னா வூடு டீச்சரம்மா? ஏதோ ஒரு பேச்சுக்கு கேக்கறீங்கன்னு இருந்தேன்."

அங்கேயே மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கிடைத்தவர்தான் பாய். நகரத்தில் பரம்பரையாகக் கம்பி, சிமெண்டு வியாபாரம் பார்க்கும் குடும்பம், அவர் மட்டும் வீடு கட்டிக் கொடுக்கிறார். மூச்சு வாங்க எங்கள் படியேறி வந்தவர், என்னிடம் எதுவும் கேட்காமல் என் வீட்டுக்காரரிடம் போனார்.

"ஐயா, கொஞ்சம் நடந்து காட்றீங்களா?"

எத்தனையோ நாள் கழித்து இவர் எழுந்து நடந்தார். பாய் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, மேடாக இருக்கும் மூலையில் வீட்டை வைத்து, வாசலை ரோட்டுக்குச் சமமாக விட்டு, மழைத்தண்ணீர் வடியக் குறுக்கே இரும்புச் சல்லடை போட்ட வாய்க்கால் வைக்கலாம் என்றார். எனக்கு அவர் காலில் விழத் தோன்றியது.

"ஆனா ஒண்ணும்மா. நீங்க மேஸ்திரிக்குப் பாக்கு வெச்சுட்டீங்களாமே? ஒருத்தர் ஒத்துக்கின வேலைல நான் கை வெக்க மாட்டேன். அவராண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வைத்தது ஆடி வெள்ளித் தாம்பூலம். வீட்டைப் பற்றிப் பேசி முடித்த கையோடு வந்த தட்டு என்பதால், மேஸ்திரிக்கு அது வேலையை உறுதி செய்த பாக்கு. கம்பிக் கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் அவர் சொல்லிவிட்டிருந்தார். இனி ஊரில் யாரும் என் மனையில் வீட்டுக்கு அளந்து கயிறு பிடிக்க மாட்டார்கள்.

மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரோட்டு மட்டத்துக்கு வூடு கட்டி, தண்ணி பூந்தா ஊரே என்னத்தான் காறித் துப்பும். எனக்கு அந்த வேல வேணாம். ஆனா பாக்கத் திருப்பி வாங்கிக்கினாத்தான் நான் வுட்டதா அர்த்தம்."

அவர் மனைவி சாமி மாடத்திலிருந்து தட்டை எடுத்து வந்தார். வெற்றிலை சருகாகியிருந்தது. மஞ்சளும் குங்குமமும் கொடுத்த மாதிரியே இருந்தன. தட்டை நீட்டாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

"பாக்க மட்டும் எப்டிங்க பிரிச்சிக் குடுக்கறது? மஞ்ச குங்குமத்தோட குடுத்தீங்க. வூட்ல அவரு அப்டிக் கெடக்கறப்ப, குடுத்த குங்குமத்தத் திருப்பிக் கேக்காதீங்க டீச்சர். எனக்கே ஒடம்பு நடுங்குது. ரெண்டு படி கம்மி பண்ணச் சொல்றேன், இவரே கட்டட்டும்."

இதையெல்லாம் நம்பாதவள் போல வகுப்பில் பேசுகிறவள்தான் நான். ஆனால் அந்தக் குங்குமத்தைப் பார்த்ததும், என் கையாலேயே என் தாலிக்கு உலை வைக்கிறேனோ என்றுதான் நினைத்தேன். ஓடிவிடலாம் போலிருந்தது. அப்படி ஓடினால் அவர் அந்த ஜன்னலோரத்திலேயே முடிந்துபோவார்.

"அவருக்கு ஒரு படியும் ஒண்ணுதான், பத்துப் படியும் ஒண்ணுதாம்மா. குடு" என்று முந்தானையை ஏந்தினேன்.

அழுதுகொண்டே அந்தம்மா கொட்டினார். ரவிக்கைத் துணி தையல்காரரிடம் இருக்கிறதாம், அது போகட்டும் என்றேன். மடியில் இருந்ததை வீட்டுக்குக் கொண்டுபோகவும் துணிவில்லை, வழியில் எறியவும் மனமில்லை. மாரியம்மன் கோயிலில் சூலத்தடியில் கொட்டினேன். "நீயே வெச்சுக்கோ. அவருக்கு மட்டும் எதுனா ஆச்சு, அப்புறம் ஒனக்கும் எனக்கும் பேச்சே கெடையாது" என்று அம்மனிடம் சத்தமாகவே சொன்னேன். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

பாயை மனைக்கு வரச் சொன்னேன். நான் எதைக் கொடுத்து மேஸ்திரியிடம் அந்த ஒரு வார்த்தையை வாங்கினேன் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. டேப்பால் ரோட்டின் உயரத்தை அளந்துவிட்டுச் சொன்னார்.

"கட்டிடறேம்மா. ஆனா ஒண்ணச் சொல்லிடறேன். வாய்க்கால் எல்லாம் கொஞ்ச வருஷத்துக்குத்தான். ரோடு ஏறிச்சின்னா ஐப்பசி மழைல தண்ணி கண்டிப்பா உள்ள வரும். அப்ப எம்மேல வருத்தப்படக் கூடாது."

"வரட்டும் பாய். வாரி ஊத்த எனக்கு ரெண்டு கை இருக்குது. தண்ணி உள்ள வர்ற மாதிரி கட்டுனாத்தான் அவரு வெளிய போவ முடியும்."