பக்கத்து வீட்டு அக்காவோட சொந்தக் குரல்

என் நாத்தனாரை உங்களுக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும். சீரியல்ல கதாநாயகி அழும்போதெல்லாம் மதில் மேல எட்டிப் பார்த்து அந்த மாமியாரை நாலு வாங்கு வாங்குவாளே, அந்தப் பக்கத்து வீட்டு அக்கா. சீரியல் முடிஞ்சு எவ்வளவோ காலமாச்சு. இன்னும் பேங்க்ல, பல் டாக்டர்கிட்ட, எங்க போனாலும் 'பக்கத்து வீட்டு அக்கா'தான். எங்க பக்கத்து வீட்டுக்காரங்களும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. அவங்க கூப்பிட்டா நியாயம், மத்தவங்களுக்கு என்ன வந்துச்சு?

ஆனா இவ வாயைத் திறந்தா போச்சு, எதிர்ல நிக்கிறவங்க முகம் விழுந்துடும். சீரியல்ல வந்த அந்த இனிப்பான குரல் இவளோடது இல்ல. வேற ஒரு பொம்பளை ஸ்டுடியோவுல உட்கார்ந்து டப்பிங் பேசினது. இவளுக்குக் கரகரன்னு கட்டைக் குரல். ஊரே தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினதால அது ஒரு குறையாவே தெரியல, அத்தை விஷயத்தைத் தவிர.

அத்தைன்னா என் மாமியார், இவளைப் பெத்தவங்க. அந்த சீரியல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்குக் கண்பார்வை போயிடுச்சு. டிவியைக் காதாலதான் பார்ப்பாங்க. இதோ பேசுறது உங்க பொண்ணுதான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கண்ணுதான் போச்சு, காதுமா போச்சு, என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதான்னு என்னைத்தான் திட்டுவாங்க. இவ எழுந்து உள்ளே போயிடுவா. எனக்கே மனசு கேக்காது.

போன மாசம் ஒரு புது சீரியல்ல சின்ன வேஷம் வந்துச்சு. அம்மாவைப் பார்க்க வர்ற பொண்ணு, ஒரே ஒரு காட்சி. டப்பிங் கிடையாது, நடிக்கும்போதே குரலையும் பதிவு பண்றாங்களாம். துள்ளிக்கிட்டுப் போனவ, பேயறைஞ்ச மாதிரி திரும்பி வந்தா. குரல் முரடா இருக்கு, எடிட்டிங்ல சரியா வரலைன்னா வேற குரல் போட்டுடலாம்னு யாரோ சொல்லிட்டானாம். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டானுங்க.

அதுக்கப்புறம் வீட்டுல ஒருத்தருக்கும் நிம்மதி இல்ல. ஃபோன் பண்ணிக் கேட்டா, தெரியல மேடம்னு பதில். மடிச்ச துணியைக் கலைச்சு மடிப்பா. கால்ல சக்கரம் கட்டின மாதிரி ஹாலுக்கும் வாசலுக்கும் நடப்பா. எனக்குத் தலை சுத்துதுடின்னு கத்தியும் பார்த்துட்டேன். அத்தைகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டா. மறுபடியும் வேற யாரோட குரலாவது வந்தா, அம்மா முன்னாடி இனிமே டிவியே போடக் கூடாதாம்.

ஒளிபரப்பாகுற அன்னிக்கு சாயங்காலம் அத்தை கட்டில்ல அரைத் தூக்கத்துல இருந்தாங்க. நான் டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தேன். இவ சமையல்கட்டுல குழாயைத் திறந்துவிட்டுட்டு, ஏற்கெனவே கழுவின குக்கரைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருந்தா, டிவி சத்தம் காதுல விழக் கூடாதுன்னு. கூப்பிட்டேன், வரல.

டிவியில கதவு திறந்துச்சு. இவ முகம் வந்துச்சு.

"சாப்பிட்டியாம்மா?"

அதே கட்டைக் குரல். இவளைக் கூப்பிட வாயெடுத்தேன்.

அத்தை கண்ணைக்கூடத் திறக்காம, எரிச்சலா, உரக்கப் பதில் சொன்னாங்க.

"அப்பவே சாப்பிட்டேன்டி. எத்தனை தடவை கேட்ப?"

குழாய் நின்னுச்சு. இவ ஈரக் கையோட சமையல்கட்டு வாசப்படியில வந்து நின்னா.

"நான் ஒண்ணும் கேக்கலையேம்மா..."

நான் டிவியைக் காட்டினேன்.