மாமாவின் கையெழுத்து ஒத்துப்போகவில்லை

நர்சிங் படிப்பில் சேர்ந்த வருஷம் ஹாஸ்டலில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் சாணார்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் ஊரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு கிளம்பி, திண்டுக்கல்லில் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்பாவின் தங்கைதான் அத்தை. பிள்ளைகள் கிடையாது. அத்தை, மாமா, நான், மூன்றே பேர்.

மாமா ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தார். பணம் எடுக்க வருகிறவர்கள் சீட்டில் போடும் கையெழுத்தை, வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு வைத்துப் பார்ப்பது அவருடைய வேலை. பார்த்துவிட்டு, "ஒத்துப்போகலையே, இன்னொருக்கா போடுங்க" என்று சீட்டைத் திருப்பித் தள்ளுவதில் அவருக்கு ஒரு சுகம். எத்தனையோ சம்சாரிகள் அவர் ஜன்னலுக்கு முன்னால் நாலு தடவை, அஞ்சு தடவை கையெழுத்துப் போட்டு வியர்த்திருக்கிறார்கள். வீட்டிலும் அதே பேச்சுதான். சாப்பாட்டில் உட்கார்ந்தால், இன்றைக்கு ரசம் நேற்றைய ரசத்தோடு ஒத்துப்போகவில்லை என்பார். அத்தை ரசத்தை மட்டும் தள்ளி வைத்துவிடுவார்.

நான் படித்ததை எல்லாம் இவர்கள் இரண்டு பேர் மேலும்தான் பழகினேன். பிரஷர் பார்த்தேன், நாடி எண்ணினேன், கட்டுப் போட்டேன். ஒரு நாள் தலைக்காயக் கட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கும்போது பால்காரர் வந்துவிட்டார். அத்தை தலையில் முழுக் கட்டோடு போய்ப் பால் வாங்கினார். சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேர் அடி பலமா என்று விசாரிக்க வந்துவிட்டார்கள். மாமாதான் அடித்துவிட்டார் என்று இரண்டு வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். ஒரு வாரம் மாமா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

மூன்றாம் வருஷம் ஆளுக்கொரு கேஸ் ஸ்டடி எழுத வேண்டியிருந்தது. நரம்பு சம்பந்தமான ஒரு நோயாளியை ஒரு மாதம் கவனித்து, பார்த்ததை எல்லாம் எழுதித் தர வேண்டும். எங்கள் டியூட்டர் மேடம் தலைப்பு பிரித்துக் கொடுக்கும்போது நான் கடைசி பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கவாதம், வலிப்பு எல்லாம் முதல் பெஞ்சுக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன். வார்டில் அப்போது அந்த நோயோடு ஒருத்தரும் இல்லை. இரண்டு வாரம் ஆளே கிடைக்காமல் புத்தகத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். நடக்கும்போது ஒரு கை வீசாது, சட்டைப் பொத்தான் போட நேரமாகும், திரும்பும்போது சின்னச் சின்னதாக நிறைய அடி வைப்பார்கள். இப்படி ஒரு பட்டியல்.

ஒரு காலை மாமா வேலைக்குக் கிளம்பிப் போனார். வாசலில் நின்று பார்த்தேன். இடது கை வீசியது. வலது கை சட்டையோடு தைத்து வைத்தது மாதிரி அப்படியே இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வருத்தம் வரவில்லை. கேஸ் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான் வந்தது. அவருக்கு நோய் இருக்கும் என்று நான் நம்பவும் இல்லை. மேடத்துக்கு ஒரு நோயாளி வேண்டும், எனக்கு மார்க் வேண்டும், மாமாவுக்கு ஒரு கை வீசவில்லை. அவ்வளவுதான் என் கணக்கு.

அன்றிலிருந்து மாமாவைத் துப்பறிய ஆரம்பித்தேன். பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கதவு இடுக்கில் நின்று கடிகாரம் பார்த்தேன். தெருவில் இருபது அடி தள்ளிப் பின்னாலேயே நடந்தேன். ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர், சந்தேகப்பட்டுச் சட்டென்று திரும்பினார். சட்டென்று என்றா சொன்னேன்? திரும்பி முடிக்க ஆறு அடி வைத்தார். நான் நோட்டை எடுத்து 'ஆறு' என்று எழுதிக்கொண்டிருந்தேன். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

அவர் திட்டவில்லை. பக்கத்துப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போய் எனக்கு இரண்டு பரோட்டா சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க அத்த உனக்கு என்ன தாரேன்னா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பரோட்டா வந்துவிட்டது. அதனால் புரிந்தது மாதிரி தலையாட்டினேன். அவரே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அப்போது ஊரெல்லாம் ஷேர் பேச்சாக இருந்த காலம். டீக்கடையில்கூடப் புதுக் கம்பெனி விண்ணப்பப் படிவம் கிடைத்தது. மாமாவும் வாங்கியிருக்கிறார். அத்தைக்கோ ஷேரும் சீட்டாட்டமும் ஒன்றுதான். விட்டுவிட்டேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, பத்திரங்களைப் பழுதான வால்வு ரேடியோவுக்குள் ஒளித்து வைத்திருந்தார். நான் அத்தையின் உளவாளி என்று நினைத்துத்தான் எனக்குப் பரோட்டா. இரண்டாவது பரோட்டா தீரும் வரைக்கும் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீர்ந்த பிறகும் வரவில்லை. அடுத்த மூன்று சனிக்கிழமையும் பரோட்டா கிடைத்தது, கூடவே என் நோட்டும் நிறைந்தது.

நாலாவது சனிக்கிழமை ஒரு உதவி கேட்டார். சில ஷேரை விற்கப் பார்த்திருக்கிறார். விற்கும்போது படிவத்தில் போடும் கையெழுத்தும், கம்பெனியில் இருக்கும் பழைய கையெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். இவர் போட்டது ஒவ்வொன்றும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. 'கையெழுத்து ஒத்துப்போகவில்லை' என்று கம்பெனிக்காரன் எழுதியிருக்கிறான். வங்கி மேனேஜர் முன்னால் கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்கி அனுப்பினால் போதுமாம். ஆனால் ஊரையெல்லாம் திருப்பி அனுப்பிய மனுஷன், தன் கையெழுத்துக்குச் சான்று கேட்டுத் தன் வங்கியிலேயே போய் எப்படி நிற்பார்?

"நீ ரெக்கார்டுல இதயம், கிட்னி எல்லாம் அச்சு மாதிரி வரையிறியே" என்றார். "என் பழைய கையெழுத்த அப்பிடியே வரஞ்சு குடுத்துரு."

மறுநாள் அத்தை கோயிலுக்குப் போனதும் ரேடியோவைத் திறந்து படிவங்களை எடுத்தார். திரும்பி வந்தவை அஞ்சு. எதைப் பார்த்து வரையலாம் என்று அவற்றைத் தரையில் தேதி வாரியாகப் பரப்பினேன். முதல் கையெழுத்தில் ஒரு சுழி மட்டும் கோணியிருந்தது, மற்றபடி பெரிதாக இருந்தது. இரண்டாவது கொஞ்சம் சின்னது. அப்படியே குறைந்துகொண்டே போய், அஞ்சாவது நசுங்கிய எறும்பு மாதிரி ஒரு ஓரத்தில் கிடந்தது. இது என் புத்தகத்தில் இருந்தது. எழுத்து சுருங்கிக்கொண்டே போகும் என்று ஒரே ஒரு வரி.

ஒரு தாளைக் கொடுத்து, 'இன்று ஞாயிற்றுக்கிழமை' என்று பத்துத் தடவை எழுதச் சொன்னேன். ஆறாவது வரிக்கு மேல் எனக்குப் படிக்க முடியவில்லை. பேனா சரியில்லை என்றார். வேறு பேனா கொடுத்தேன். அப்படியேதான் வந்தது. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை எனக்கு விளையாட்டாக இருந்தது அந்த நிமிஷத்தில் நின்றுபோனது. தலை வலிக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கேஸ் ஸ்டடியை எழுதி முடித்து மேடத்திடம் கொடுத்தேன். நோயாளி பெயர் எழுதவில்லை. ஆண்கள் வார்டு, ஒன்பதாம் கட்டில் என்று போட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து மேடம் கூப்பிட்டு, ஒன்பதாம் கட்டில் மூன்று வாரமாக உடைந்து வராந்தாவில் கிடக்கிறது என்றார். நான் அழுதுகொண்டே பரோட்டா உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் பக்கங்களைப் புரட்டினார்.

"நல்லாத்தான் பாத்திருக்க" என்றார். "ஆனா யாருகிட்டச் சொல்லணுமோ அவருகிட்டச் சொல்லாம, மார்க்குக்காக எங்கிட்டச் சொல்லியிருக்க."

கட்டில் விஷயத்தில் பொய் சொன்னதற்குப் பாதி மார்க்கைக் குறைத்தார். பிறகு மதுரையில் ஒரு நரம்பு டாக்டர் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மாமாவிடம் ஒரு பேரம் பேசினேன். ஒரே ஒரு தடவை அந்த டாக்டரிடம் வந்தால் கையெழுத்தை வரைந்து தருவேன் என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். அத்தையிடம் அவர் வங்கி விஷயமாக மதுரை போகிறேன் என்றார். நான் மதுரையில் யூனிபார்ம் ஷூ வாங்க வேண்டும் என்றேன். அத்தை இரண்டுக்கும் சரி என்றார். விடிந்து பார்த்தால் கொண்டை போட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார். தனக்கும் மதுரையில் வேலை இருக்கிறதாம். பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வந்தார். மதுரையில் இறங்கியதும், "எந்தக் கடைக்கு முதல்ல போறது?" என்று கேட்டார். நான்தான் ஆஸ்பத்திரி என்று உண்மையைச் சொன்னேன்.

டாக்டர் மாமாவை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. பழைய கையெழுத்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் அவர் மடியில் இருந்த பையைப் பார்த்தேன். அத்தை எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நான் அங்கேயே உட்கார்ந்து வரைந்துவிடுவேன் என்ற நம்பிக்கையில் மாமா அந்தப் படிவங்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வேறு வழி இல்லாமல் எடுத்து மேஜையில் வைத்தார்.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். தேதி போட்டு, வரிசையாக, இரண்டு வருஷத்துக் கையெழுத்து இப்படி யாரும் கொண்டு வந்ததில்லை என்றார். அவர் கையெழுத்தைப் படித்தார். அதே தாளில் அத்தை கம்பெனிப் பெயரைப் படித்தார்.

திரும்பும்போது சின்னாளப்பட்டி தாண்டும் வரைக்கும் அத்தை அந்தப் படிவங்களை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தார். பிறகு எத்தனை கம்பெனி என்று கேட்டார். பதினொன்று என்றார் மாமா.

"கை எம்புட்டு நாளா இப்பிடி இருக்கு?"

"தெரியலடி. பேனாவுலதான் கோளாறுன்னு நெனச்சேன்."

"ஷேரு வாங்கினத மறச்சது கெடக்கட்டும்" என்றார் அத்தை. "பொத்தான் போட முடியலன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து அத்தைதான் பொத்தான் போட்டுவிட்டார்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. போட்டு ஒரு மணி நேரத்தில் கை லேசாகிவிடும். அந்த நேரமாகப் பார்த்து, கையெழுத்துச் சான்று வாங்க அத்தை அவரை அவருடைய வங்கிக்கே கூட்டிப் போனார். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நின்று மாமா கையெழுத்துப் போட்டார். உள்ளே இருந்தவர் அவரிடமே வேலை பழகியவர், சீட்டைப் பார்த்துத் தயங்கி, "சார், கொஞ்சம் ஒத்துப்போகல, இன்னொருக்கா போடுறீங்களா" என்றாராம். மூன்றாவது தடவை சரியாக வந்தது. மாமா அவர்மேல் கோபப்படவில்லை. சரியாகத்தான் பார்த்தான் என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். படிவங்களில் மூன்று தேறின. மற்ற இரண்டு கம்பெனியும் அதற்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. பிறகு ஷேரெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குக்கு மாறியபோது அத்தை தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். அத்தைக்கு ஒரே ஒரு கொள்கை, எதையும் விற்கக் கூடாது. மாமாவைவிட அவருக்கு அது நன்றாகவே பலித்தது.

போகப்போக மாமாவின் முகத்தில் அசைவு குறைந்தது. சிரிப்பும் கோபமும் வெளியே தெரியாது. இந்த நோயால் தனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்பார் மாமா. அதற்கு முன்னால் அவர் பொய் சொன்னால் அத்தை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். இப்போது அத்தை கூடாது என்று தடுத்திருந்த சர்க்கரை போட்ட காபியை வெளியில் குடித்துவிட்டு வந்து, குடிக்கவில்லை என்று சொன்னாலும் தெரியவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நானே ஒரு நர்சிங் பள்ளியில் டியூட்டர் ஆனேன். நடுக்குவாதப் பாடம் வரும்போது மாமாவை வகுப்புக்கு அழைத்துப் போவேன். அவருக்கு அது திருவிழா. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். பிள்ளைகள் நடுக்கத்தைப் பார்க்கக் குனிந்தால், டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்வார். சும்மா இருக்கும்போதுதான் அந்த நடுக்கம், ஏதாவது எடுத்தால் நின்றுவிடும். நடுக்கம் இல்லை என்று பாதிப் பேர் எழுதுவார்கள். ஒரு வருஷம் எனக்கே சொல்லாமல், நல்லாயிருந்த இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். வகுப்பே இடது கால் என்று எழுதியது. தாடிக்கொம்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை மட்டும், செருப்பு தேய்ந்திருப்பது வலது காலில், நோயாளி நடிக்கிறார் என்று எழுதியிருந்தாள். அவளுக்கு முழு மார்க் போடச் சொல்லி மாமா என்னோடு வாதாடினார். நாடி பார்க்க மறந்துவிட்டாள் என்று ஒன்று குறைத்தேன். மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசி இரண்டு வருஷம் அவரால் வர முடியவில்லை. குரலும் உள்ளே போய்விட்டது. அவர் போன பிறகு அந்தப் பாடத்தை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அத்தையிடம் வெறுமனே சொல்லிக்கொண்டிருந்தபோது, "நான் வாரேன், எனக்குத் தெரியாததா" என்றார்.

வந்தார். படுக்கையில் அவரை எப்படிப் புரட்டுவது, சோற்றை எந்தப் பதத்துக்குப் பிசைவது, மாத்திரை நேரம் தவறினால் என்ன ஆகும் என்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். நடுநடுவே மாமாமேல் புகாரும் வந்தது. பிள்ளைகள் எது பாடம், எது புகார் என்று தெரியாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்துவிட்டது. அத்தை நிறுத்தவில்லை, ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை.