இரண்டு அளவு பெரிய மழைக்கோட்டு

எங்கள் அலுவலகத்தின் பின்பக்கச் சுவரில், தண்ணீர்ப் பானைக்கு மேலே, ஆணியில் ஓர் ஆண்சட்டை பகலெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். வெளுத்த சந்தன நிறம், முழுக்கை, மேல் பொத்தான் மட்டும் வேறு நிறம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், யாரோ மறந்துவிட்டுப் போன சட்டை என்றே நினைத்தேன். அது டைப்பிஸ்ட் அக்காவுடையது. அவருடைய கணவர் உடுத்திக் கழித்ததை, சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு கோவிலூரிலிருந்து காரைக்குடிக்குச் சைக்கிளில் வருவார். வந்ததும் ஆணியில் மாட்டுவார். சாயங்காலம் கிளம்பும்போது அதைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் எங்களுக்கு வேடிக்கை.

ஐப்பசி மாதத்து வானத்தை எங்கள் பக்கம் யாரும் நம்புவதில்லை. பகல் இரண்டு மணிக்கு மண்டை பிளக்கும் வெயில், நான்கு மணிக்கு இருட்டு, ஐந்துக்கு மறுபடி வெயில். அக்கா வாசற்படியில் நின்று வானத்தைப் பார்க்க மாட்டார். கோவிலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களின் தோள்களைப் பார்ப்பார். தோள் நனைந்திருந்தால் அங்கே மழை. உடனே சட்டையைக் கழற்றிப் பாலிதீன் பையில் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் செருகுவார். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் சொருகுவார், முந்தானையைச் சுற்றி இறுக்கி ஊக்குக் குத்துவார். மழை பெய்தால் மற்றவர்கள் எதையாவது எடுத்துப் போடுவார்கள். இவர் இருந்ததையும் கழற்றுவார். நனைந்தபடியே போவார், நனைந்தபடியே வருவார். பீரோவின் கீழ்த்தட்டில் பழைய கோப்புகளுக்கு நடுவே மாற்றுச் சேலை ஒன்று எப்போதும் இருக்கும். “இது ஆபீஸா, ஜவுளிக் கடையாம்மா?” என்று அதிகாரி ஒரு நாள் கேட்டார். “நனைஞ்ச சேலையோட டைப் அடிச்சா ஒங்க தபாலும்ல நனையும் சார்” என்றார் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

இரக்கமா கேலியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை, அந்த ஆண்டு நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவருக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கினோம். கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்தவன் நான். கணுக்கால் வரை வரும்படி, முகத்தைப் பாதி மூடும் தலைமூடியோடு, இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்தேன். அக்கா பிரித்துப் பார்த்தார். நன்றி சொன்னார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, எங்கள் எல்லோர் முன்னாலும் முழங்காலுக்குக் கீழே இருந்ததை வெட்டினார். அடுத்து தலைமூடியை வெட்டினார். என் முகம் எப்படி இருந்ததோ, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: “தம்பி, கோவிச்சுக்கிராதீக. நீங்க மழைக்குப் பாத்து வாங்கியிருக்கீக. நான் சைக்கிளுக்குல்ல போடணும். கீழ தொங்குனா சக்கரம் இழுத்துரும். தலைய மூடுனா பின்னாடி வர்றவன் சத்தம் கேக்காது. ரோட்டுல எனக்குக் காது வேணும்.”

நான் கோபித்துக்கொண்டேன். ஒரு மாதம் போல அவரோடு சரியாகப் பேசவில்லை. புதுக் கோட்டை வெட்டிவிட்டாரே என்பதுதான் மனதில் நின்றது. அவர் சொன்ன காரணம் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. பிறகு அவருக்கு மாறுதல் வந்து போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டேன். கண்டுபிடித்தாலும் என்ன சொல்வேன் என்பதும் தெரியவில்லை.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வீடு சாக்கோட்டையில், பள்ளி புதுவயலில், சைக்கிளில் போய்வருகிறாள். அந்தச் சாலையில் நெல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகும். மழை தூறினால், அரிசி ஆலைகளிலிருந்து பறந்து படிந்த உமிச்சாம்பல் தார்மேல் களிம்பாகிவிடும். பயந்துதான் மழைக்கோட்டு வாங்கினேன். கடைக்காரர் சரியான அளவை எடுத்துப் போட்டார். “வளர்ற பிள்ளை, ரெண்டு வருசத்துக்கு வரணும்ல” என்று சொல்லி இரண்டு அளவு பெரியதைக் கேட்டு வாங்கினேன். சீருடை, செருப்பு எல்லாம் எங்கள் வீட்டில் இப்படித்தான் வாங்குவோம். எங்கள் பெற்றோரும் எங்களுக்கு அப்படித்தான் வாங்கினார்கள். அவள் போட்டுப் பார்த்துவிட்டு, “அப்பா, இது காலத் தட்டுது” என்றாள். “ஒரு துளி விழுந்தாலும் போட்ரணும்” என்றேன். அவள் சொன்னதற்கு அது பதிலே இல்லை.

மறுநாள் மாலை பள்ளி விட்டு வரும்போது ஒரு துளி விழுந்தது. நான் சொன்னபடியே இறங்கி, தலைமூடியோடு போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் கோட்டின் பின்விளிம்பு பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. பின்னால் லாரி. நான் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் அவளை ஆலை வாசலில் உட்கார வைத்து, அவருடைய துண்டை அவள் கையில் சுற்றியிருந்தார். அவளுடைய நோட்டில் இருந்த எண்ணைப் பார்த்து எனக்குப் போன் செய்ததும் அவர்தான். கை எலும்பில் கீறல், வேறு ஒன்றுமில்லை. சைக்கிளுக்கும் லாரியின் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. “மூணு தடவ ஹாரன் அடிச்சேன் சார், திரும்பவே இல்ல” என்றார் டிரைவர். பிறகு சாலையில் கிடந்த கோட்டைக் காட்டி, “யாரு சார், பிள்ளைக்கு இந்தக் கூடாரத்த மாட்டி விட்டது?” என்று கேட்டார்.

நான் குனிந்து கோட்டைச் சுருட்டினேன். மகள் என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து மனைவியிடம், “ரோடு வழுக்கிருச்சு” என்றேன். மகள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் கையில் மாவுக்கட்டு இருந்தவரை, அலுவலகத்தில் ஒரே கடிதத்தை நான்கு முறை படிப்பேன். வெளியே ஹாரன் கேட்டால் எழுந்து நிற்பேன். சைக்கிளைப் பூட்டிச் சாவியை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவளைப் பைக்கில் கொண்டுபோய் விட்டேன், கூட்டி வந்தேன். அது அவளுக்காக இல்லை, எனக்காக.

கட்டுப் பிரித்த மறுநாள் சாயங்காலம் அவள் கை நீட்டினாள். “சாவியக் குடுங்கப்பா.” தரமாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு. கோட்டு பெரியது என்று எனக்குத் தெரியும் என்றேன். டைப்பிஸ்ட் அக்காவைப் பற்றிச் சொன்னேன். கத்தரிக்கோல், என் கோபம், எல்லாவற்றையும். மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டாள். “எனக்குத் தெரியும். அலசிப் போடுறப்பப் பாத்தேன், ஓரமெல்லாம் செயின் கிரீசு. நீங்களாச் சொல்லுவீகன்னுதான் இருந்தேன்” என்றாள். மகள் கேட்டாள்: “சரி, அந்த அக்கா மழைன்னா வேற என்ன செய்வாங்க?” ஒன்றுவிடாமல் சொன்னேன். சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவள் உடுத்திக்கொண்டதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. பேண்ட்டின் வலது காலை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். புத்தகங்களுக்கு மட்டும் பாலிதீன். மாற்று உடுப்பு பையில். தலையில் ஒன்றுமில்லை. நான் அலுவலகத்துக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் பைக்கில் பின்னால் போனேன். நல்ல தூரம் விட்டுத்தான் போனேன். புதுவயல் நெருங்கும்போது தூறியது. லாரி ஒன்று என்னைத் தாண்டி அவளை நோக்கிப் போனது. ஹாரன் அடிக்கும் முன்பே அவள் திரும்பிப் பார்த்து, ஓரமாக ஒதுங்கி, ஒரு காலை மண்ணில் ஊன்றி நின்றாள். லாரி போனதும் மறுபடி ஏறி மிதித்தாள். முதுகு முழுக்க நனைந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னாள்: “நாளைக்குப் பின்னாடி வராதீக. பெட்ரோல் பங்க்குலேர்ந்தே ஒங்க வண்டிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு வெக்கமா இருக்கு.” கோபமாகத்தான் சொன்னாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டிருக்கிறது.

இன்று காலை வானம் மூடியிருந்தது. என்ன போட்டிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து, பள்ளியில் முதல் மணி அடிக்கும் நேரம் வரை, ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.