திட்டாத மிஸ்

எங்கள் பள்ளியில் பதினோரு கிளப்புகள் இருக்கின்றன. பிள்ளைகள் பன்னிரண்டு பேர். படிப்பது என்னவோ ஆயிரம் பேருக்கு மேல்தான். ஆனால் எந்தக் கிளப்பை எடுத்தாலும் உள்ளே இருப்பது அதே பன்னிரண்டு பேர். காரமடைப் பக்கத்துத் தனியார் மேல்நிலைப் பள்ளி இது. இங்கே பதினாறு வருடமாக கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். உப்பைக் கரைத்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்தப் பதினோரு கிளப்பிலும் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எக்கோ கிளப்பில் ஒரு வேப்பங்கன்று இருக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு அலுவலக ஜன்னலுக்குக் கீழே நிற்கும். போட்டோ எடுக்கிற நாளில் அதைத் தூக்கி வந்து குழிக்குள் வைப்பார்கள். பன்னிரண்டு பேரும் குனிந்து கை வைத்துச் சிரிப்பார்கள். போட்டோ முடிந்ததும் கன்று மறுபடி ஜன்னலுக்குக் கீழே போய்விடும். போன வருடம் மட்டும் அதை நான்கு முறை நட்டோம். பேனரை மாற்றிப் பிடித்தால் அதே வரிசை சாலைப் பாதுகாப்புக் குழு ஆகிவிடும், அடுத்த நிமிடம் புகையிலை ஒழிப்புக் குழு. படம் பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தால் பிரின்சிபால் மேடத்துக்கு மனசு நிறைந்துவிடும்.

இந்தப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கியது மதிப்பெண் பார்த்தும் இல்லை, திறமை பார்த்தும் இல்லை. எதைச் சொன்னாலும் “சரிங்க” என்பார்கள், அதுதான் தகுதி. அதில் முதல் ஆள் பிளஸ் ஒன் படித்த ஒரு பெண். பள்ளி மாணவர் தலைவி அவள்தான், அணிவகுப்புக்குத் தலைமை அவள்தான், குவிஸ் கிளப், எக்கோ கிளப், வாசிப்புக் குழு எல்லாவற்றிலும் அவள்தான். ஓவர்கோட்டின் இடது பக்கத்தில் ஐந்து பேட்ஜ் குத்தியிருந்தாள். கனம் தாங்காமல் அந்தப் பக்கத் துணி எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். ஆறாவது பேட்ஜைக் குத்தியவள் நான்.

பாட்டுக்குழு என் தலையில் விழுந்த கதை தனிக்கதை. எனக்குச் சங்கீதம் தெரியும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒருநாள் வராந்தாவில் மேடம் என் தோளில் கை வைத்தார். “ஏனுங்க மிஸ், மத்தியானத்துல உங்க லேப் சும்மாதானுங்களே கெடக்குது? பாட்டுக்குழுவ நீங்க பாத்துக்கங்க கண்ணு” என்றார். லேப் காலியாக இருப்பதற்கும் எனக்குப் பாட வராததற்கும் நடுவில் எதையாவது சொல்லியிருக்கலாம். “சரிங்க மேடம்” என்றேன். எங்கள் ஊரில் மறுப்பதற்கு வார்த்தை இல்லாமல் இல்லை. அதை வாய் எடுக்காது, அவ்வளவுதான். கண்ணு என்று ஒருவர் கூப்பிட்டுவிட்ட பிறகு எப்படி முடியாது என்பது?

ஆக, ஆசிட் பாட்டில்களுக்கும் பியூரெட் ஸ்டாண்டுகளுக்கும் நடுவில் அந்தப் பன்னிரண்டு பேரோடு இன்னும் இரண்டு பேர் சேர்த்துப் பதினான்கு பெண்கள் மதியச் சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டு வந்து பாடினார்கள். பாட்டு எங்கள் தமிழாசிரியை எழுதியது, நொய்யல் ஆற்றைப் பற்றி. சுருதிக்கு என்னிடம் இருந்தது போனில் இறக்கிய தம்பூரா ஆப். இரண்டு வரி பாடுவதற்குள் அதில் பற்பசை விளம்பரம் வந்துவிடும். நான்காவது நாள் அந்த ஆறு பேட்ஜ் பெண்ணே சொன்னாள், ஆப் வேண்டாம், அவளே எடுத்துக் கொடுப்பதாக. ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சில் பாடிப் பழகியவள். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்து முதல் வரியைப் பாடினாள். உயரமான கூரையில் பட்டு அந்தக் குரல் திரும்பி வந்தபோது, கதவுக்கு வெளியே சலசலத்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குச் சிலிர்த்துப் போயிற்று. அதை அவளிடம் சொன்னேனா என்று இப்போது ஞாபகம் இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் ஆண்டு விழாவில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக்குழுவின் பாட்டில் முதல் இரண்டு வரியை ஒருத்தி தனியாகப் பாடுவாள், பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இவள் ஆறாம் வகுப்பில் மேடைக்குக் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்ததிலிருந்து, அந்த இரண்டு வரி ஒருநாள் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். பீக்கர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டே அதை என்னிடம் சொன்னாள். அவள் அம்மா ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறவர். ஒரு தடவைகூட ஆண்டு விழாவுக்கு வந்ததில்லை. இந்த முறை மகள் தனியாகப் பாடப்போகிறாள் என்பதற்காக, மேஸ்திரியிடம் கெஞ்சி அன்று ஒருநாள் மட்டும் பகல் ஷிப்டை ராத்திரிக்கு மாற்றி வாங்கியிருக்கிறாராம். அவள் தானாக ஒரு விஷயத்தைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

ஆனால் பாட விட்டால்தானே? நாங்கள் இரண்டாவது சரணத்துக்கு வருகிற நேரம் பார்த்து ஆயாம்மா துண்டுச் சீட்டோடு கதவருகே வந்து நிற்பார். எக்கோ கிளப்புக்கு நான்கு பேர் வேண்டும், வேப்பங்கன்று தயார். அவர் போய் மூச்சு விடுவதற்குள் குவிஸ் சாரிடமிருந்து இன்னொரு சீட்டு. அதற்குப் பின்னாலேயே மைதானத்திலிருந்து பி.டி. சாரின் விசில். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் எழுந்து, “போயிட்டு வந்தர்றேனுங்க மிஸ்” என்று சொல்லிவிட்டு ஓடுவாள். சுருதி எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாமல் மிச்சப் பேர் பாட ஆரம்பித்து, ஆளுக்கொரு பக்கம் போவார்கள். ஒருநாள் பதினான்கு பேரில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். மூன்று பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். கோபத்தில் லேபைப் பூட்டிவிட்டுப் போய் டீ குடித்தேன்.

விழாவுக்குப் பதினைந்து நாள் இருந்தபோது அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது. காலையிலும் மாலையிலும் மைதானத்தில் நின்று “அட்டென்ஷன்” என்று கத்திய குரல் மதியம் எப்படிப் பாடும்? வெந்நீர் குடி, கத்தாதே என்றேன். சரிங்க மிஸ் என்றாள். மறுநாளும் கத்தினாள். அதற்குள் யூனிட் டெஸ்டில் கணக்கில் மதிப்பெண் இறங்கிவிட்டது. அவளுடைய வகுப்பாசிரியை கூப்பிட்டு, ஆண்டு விழா முடிவதற்குள் ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும், எதை என்று நாளைக்குள் முடிவு செய் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் மதியம் மற்றவர்கள் வருவதற்கு முன்பே லேபுக்கு வந்தாள். வாஷ்பேசின் பக்கம் நின்றுகொண்டு, “மிஸ், நான் பாட்ட உட்டுர்றேனுங்க” என்றாள்.

எனக்குப் புரியவே இல்லை. ஆறில் ஒன்றை விடச் சொன்னால், ஆசைப்பட்ட ஒன்றையா விடுவார்கள்? குவிஸை விடக் கூடாதா, அந்த வேப்பங்கன்றை விடக் கூடாதா, அணிவகுப்புக்கு வேறு ஆளே இல்லையா என்று அடுக்கிக்கொண்டே போனேன். முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள்.

“மத்தவீங்க யாரும் உடமாட்டாங்கங்க மிஸ். பி.டி. சார் கிரவுண்டுலயே நிக்க வெச்சுக் கத்துவாருங்க. நீங்கன்னா திட்ட மாட்டீங்க.”

இது பாராட்டா என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. யாரும் விடமாட்டார்கள், நான் விடுவேன், அதனால் என்னிடம் இருப்பதை விட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்குப் பேட்ஜ் குத்திய ஆறு பேரில் நான் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் அவள் பாடியிருப்பாள். அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். இரு, நான் போய் மற்றவர்களிடம் பேசிவிட்டு வருகிறேன் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன், “சரி கண்ணு” என்றேன். ஆறாவது பேட்ஜைக் கழற்றி என் மேஜை மேல் வைத்துவிட்டு, அடுத்த விசிலுக்கு ஓடினாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எரிச்சல் தாங்கவில்லை. பி.டி. சாரை மனதுக்குள் நன்றாகக் கேட்டேன், குவிஸ் சாரைக் கேட்டேன், வகுப்பாசிரியையைக் கேட்டேன். மனதுக்குள் கேட்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மறுநாள் காலையில் நிஜமாகவே பி.டி. சாரிடம் போனேன். அணிவகுப்புக்கு வேறு பெண்ணைப் போடக் கூடாதா என்றேன். மனிதர் கோபப்பட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், டீ சொல்லட்டுமா என்றார். எனக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வார், ஆனால் இந்தக் கடைசி நேரத்தில் வேறு பிள்ளைக்குப் பழக்க முடியாதே, அதற்காக நான் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். இவ்வளவு மரியாதையாக ஒருவர் இல்லை என்று சொன்னால் எழுந்து நன்றி சொல்லிவிட்டுத்தான் வர முடிகிறது. சொல்லிவிட்டு வந்தேன்.

பிரின்சிபால் அறைக்கும் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். எக்கோ கிளப் மிஸ் பிரசவ விடுப்பில் போகிறாராம், அதையும் நானே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பாட்டு விஷயத்தைச் சொல்லப் போனவள், வேப்பங்கன்றையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். என்னை எதில் சேர்ப்பது?

விழா அன்று சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் தாமதம். அணிவகுப்பு மரியாதை பிரமாதமாக நடந்தது என்றார்கள். பந்தலுக்குப் பின்னால் நின்ற எனக்கு அவளுடைய கட்டளைக் குரல் மட்டும் கேட்டது. தொண்டை கிழிகிற மாதிரி இருந்தது. அது முடிந்ததும், அதே வெள்ளை உடுப்போடு அவளை மேடையோரத்தில் நினைவுப் பரிசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்துவிட்டார்கள்.

பாட்டுக்குழு ஏறியது. முதல் இரண்டு வரிக்கு வேறொரு பெண்ணைத் தயார் செய்திருந்தேன். பயத்தில் ஒரு பிடி மேலேயே எடுத்துவிட்டாள். மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாமல், நொய்யல் சரணத்துக்கு வருகிறபோது பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். நான் கீழே நின்று கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டியதை ஒருத்தியும் பார்க்கவில்லை. மேடையோரத்தில் தட்டைப் பிடித்திருந்தவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் பெற்றோர்கள் எதற்கும் தட்டுவார்கள்.

திரைக்குப் பின்னால் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லா இருந்துச்சுங்க மிஸ். அந்தப் புள்ள பாடாதது தெரியவே இல்லீங்க” என்றார். இரண்டடி தள்ளி அந்தப் புள்ள தட்டோடு நின்றிருந்தாள். அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. தெரிந்தது மேடம், எனக்குத் தெரிந்தது என்று தொண்டை வரை வந்தது. “சரிங்க மேடம்” என்றேன். என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

பரிசளிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது, பந்தல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார். நீலக் கயிற்றில் மில் அடையாள அட்டை கழுத்தில் இருந்தது. கையில் போனைப் படம் பிடிக்கத் தயாராக வைத்திருந்தார். முகச்சாடையைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது.

“ஏனுங்க மிஸ், எம் பொண்ணு எப்பங்க பாடுவா? ஏழு மணிக்கு எனக்கு மில்லு வண்டி வந்துருமுங்க.”

மணி ஆறரை தாண்டியிருந்தது. மகள் வீட்டில் சொல்லவே இல்லை. ஷிப்டை மாற்றி வாங்கிய அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பதினைந்து நாளும் சரி சரி என்றே இருந்திருக்கிறாள். மேடையோரத்திலிருந்து எங்கள் இருவரையும் அவள் பார்த்தாள். ஏதாவது ஒரு சாக்கு சொல்லுங்கள் மிஸ் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. குரல் கட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அதில் பாதி உண்மையும்கூட.

“அவ இன்னிக்குப் பாடலீங்க” என்றேன். “பாட்டெல்லாம் முடிஞ்சு போச்சுங்க. அவ மேல தப்பில்லீங்க, நானுதானுங்க உட்டுப்போட்டேன்.”

அந்த அம்மா ஒரு நிமிடம் மேடையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று நின்றேன். நீயெல்லாம் ஒரு டீச்சரா என்று கேட்டால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். போனை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் சொன்னது, “சரிங்க மிஸ்.”

மகளின் அதே குரல், அதே இறக்கம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைப் பிடிக்க கேட்டை நோக்கி வேகமாக நடந்தார். ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.