கெட்ட பேர் சொன்ன நான்கு கடைகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும். சாக்குக் கட்டு ஏற்ற வந்த லாரி கடை வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து வழக்கம்போல் சரக்குச் சீட்டைக் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, கண்டிகை கன்னியம்மா பூட்டாங்க. காலைல மாட்டுக்குத் தண்ணி வெச்சிட்டு வந்து உக்காந்தவங்க, அப்படியே சாஞ்சிட்டாங்களாம்" என்றார்.

வயது ஐம்பதைத் தொட்டிருக்காது. முந்தின வாரம்தான் என் கடையில் நின்று, கட்டிலிருந்து மூன்று ஓட்டைச் சாக்கை உருவிக் காட்டி, மொத்தக் கட்டுக்கும் விலையைக் குறைத்துவிட்டுப் போனார். கடையை மூடிவிட்டு அதே லாரியில் ஏறிப் போனேன்.

வியாபார நேரத்தில் கடையை மூடுகிறவன் நான் இல்லை. அதனால்தான் பஜாரில் சிலர், அந்த அம்மா உங்களுக்கு உறவா என்று பிறகு கேட்டார்கள். உறவில்லை. எனக்குக் கடன்பட்டிருந்த ஒருவரின் மனைவி. நம் வியாபாரிகள் சங்கத்து மலரில் அவரைப் பற்றி எழுத இடம் வேண்டும் என்று நானேதான் கேட்டு வாங்கினேன். போனவர்களைப் பற்றி நல்லதைச் சொல்வதுதான் முறை. நானும் நல்லதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் என்னைப் பற்றிக் கொஞ்சம் கெட்டதையும் சொல்லியாக வேண்டும்.

அவர் கணவர் முனிரத்தினத்தை உங்களுக்குத் தெரியும். இன்று நெல் வியாபாரத்தில் அவர் வாய்ச்சொல்லுக்கே சரக்கு வருகிறது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படியில்லை. தேர்வாய் கண்டிகை பக்கத்து ஊர்களில் களத்து நெல்லை வாங்கி மில்லுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நெல் பிடிக்கச் சாக்கு வேண்டும். அறுப்புக்கு முன்னால் என்னிடம் கடனுக்கு எடுப்பார், மில்லில் பணம் வந்ததும் தருவார். ஒரு தை மாதம், சம்பா நெல்லைப் போட்ட மில்காரர் பணம் கொடுக்காமல் மில்லைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். முனிரத்தினத்தால் எனக்குத் தர முடியவில்லை.

இது யாருக்கும் வருவதுதான். நான் கிழிசல் சாக்கை வாங்கித் தைத்து விற்று மேலே வந்தவன். கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியும். வந்து சொல்லியிருந்தால் அடுத்த போகம் வரை பொறுத்திருப்பேன். அவர் ஒளிந்தார். பட்டணம் போக வேண்டுமானால் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு நம் பஜார் வழியாகத்தான் வர வேண்டும். என் கண்ணில் படக்கூடாது என்று கவரப்பேட்டை வரை சைக்கிள் மிதித்துப் போய் அங்கே ரயில் ஏறினார். அந்த ரயிலே கும்மிடிப்பூண்டியிலிருந்து வருவதுதான் என்பதை மறந்துவிட்டார். சரக்கு எடுக்கப் போகிற நம் ஆட்கள் பாதிப் பேர் அதில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் என்ன செய்தேன்? மறுநாள் கடை திறக்குமுன் நடந்தே போனேன். மளிகைக் கடை, புண்ணாக்குக் கடை, உரக்கடை, பாரவண்டி வாடகைக்கு விடுகிறவர் கடை, நான்கு இடத்திலும் ஒரே பேச்சுத்தான் சொன்னேன்: "முனிரத்தினத்துக்கு இனிமே ரொக்கம் பாத்து குடுங்க." அது போதும். சித்திரை முதல் தேதி புதுக்கணக்குப் போடும்போது, நம் வழக்கப்படி நோட்டுக்கு மஞ்சள் தடவி, வாடிக்கைக்காரர்களின் பெயரை எழுதி வெற்றிலை பாக்குக் கொடுத்தேன். அவர் பெயரை எழுதவில்லை. மற்ற நான்கு கடைகளிலும் எழுதவில்லை. கடனுக்குச் சாக்கும் வண்டியும் கிடைக்காதவர் நெல் வியாபாரம் பண்ண முடியாது. பட்டணத்துத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகிறார் என்று பேச்சு வந்தது.

அந்த ஆடி மாதம்தான் கன்னியம்மாளை முதன்முதலில் பார்த்தேன். கடையில் நாலைந்து பேர் இருக்கும்போது வந்தார். பழைய பாக்கியில் பாதியை எண்ணிக் கல்லாப் பெட்டி மேல் வைத்தார்.

"எருமையை வித்தேன். மீதி தையில வரும். இப்ப இருவது சாக்கு வேணும். பத்து நாள் கடன்."

அவர் கையில் இன்னும் நோட்டு இருப்பதைப் பார்த்துவிட்டேன். "கையில டப்பு வெச்சிகினு கடன் கேக்கிறியேம்மா. ரொக்கத்துக்கே எடுத்துக்கினு போயேன், வெலையும் கொறைச்சித் தரேன்."

"ரொக்கத்துக்கு எடுத்தா சாக்கு வரும்ணா, பேரு வராது. இன்னிக்கு ரொக்கம் குடுத்தா நாளைக்கும் ரொக்கந்தான் கேப்பீங்க."

"சரி, உன் பேர்ல எழுதிக்கிறேன்."

"எம் பேர்ல எழுதினா எம் பேருதான் நல்லாவும். கெட்டது அவுரு பேரு. அவுரு பேர்லயே எழுதுங்க."

"அவுரு எங்கேம்மா?"

"ஊட்லதான் கீறாரு. போன தபா நீங்க ஆள் அனுப்பினப்போ, ஊட்ல இல்லன்னு சொல்லச் சொன்னாரு. உள்ளதான் கீறாருன்னு சொல்லிட்டேன். அவுரு பின்பக்கமா பூட்டாரு, நான் இன்னா பண்றது? இப்ப சொல்றேன், டப்பு குடுக்க நான் வர மாட்டேன். அவுருதான் வருவாரு."

இருபது சாக்கை அவர் பெயரில் எழுதினேன். இரக்கப்பட்டு எழுதியதாக யாரும் நினைக்க வேண்டாம். பாதிப் பாக்கி கைக்கு வந்துவிட்டது. இருபது சாக்கு போனாலும் தாங்கும். அதுதான் என் கணக்கு.

ஒன்பதாம் நாள், கெடுவுக்கு ஒரு நாள் முன்பே, முனிரத்தினம் வந்தார். அந்த அம்மா உள்ளே வரவில்லை. எதிரே சோடாக் கடை நிழலில் நின்றுகொண்டார். கடையில் நல்ல கூட்டம். புண்ணாக்குக் கடைக்காரரும் இருந்தார்.

"இன்னா முனிரத்தினம், கவரப்பேட்டைல ரயிலு நிக்கலியா?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

முனிரத்தினம் திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தார். அந்த அம்மா அசையவில்லை. "ரயிலு நிக்குது மாமா. சைக்கிளுதான் பஞ்சர்" என்று சொல்லிப் பணத்தை என் முன்னால் வைத்தார். நான் எண்ணுகிற நேரத்தில் மெதுவாகச் சொன்னார்: "இஸ்கூல் புள்ளையாட்டம் என்னை அனுப்பிட்டு அங்க நின்னுகினு கீறா பாருங்கண்ணா. கூட்டம் இருக்கற நேரமா பாத்துப் போன்னு வேற சொல்றா. ஒரே பேஜாரு."

அதைப் பற்றி ஒருமுறை அந்த அம்மாவிடம் கேட்டேன். "பேரு போனது நாலு பேரு எதிர்ல. திரும்பறது மட்டும் தனியா திரும்புமா?" என்றார்.

இருபது ஐம்பதாயிற்று, ஐம்பது நூறாயிற்று. ஒவ்வொரு முறையும் கெடுவுக்கு முதல் நாள் அவர் வந்தார். ஐப்பசி அடைமழையில் ஒருமுறை முதல் நாள் வரவில்லை. கெடு நாளன்று, செவ்வாய்க்கிழமை, முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றார். கையில் ஒன்றுமில்லை.

"இன்னிக்கு இல்லண்ணா. நெல்லு நனைஞ்சிபோச்சி, மில்லுல எடுக்கல. வெள்ளிக்கிழம தரேன்."

மேலே ஏதாவது கதை சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "இல்லன்னு சொல்றதுக்கா இந்த மழையில வந்தே?" என்றேன்.

"இல்லன்னு சொல்றதுக்கும் தேதிக்கே போவணும்னு அவ சொல்லிட்டா."

வெள்ளிக்கிழமை வந்து கொடுத்தார். அதுவரை சரியாகக் கொடுத்த நாட்களைவிட அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. என் தொழிலில் பணம் கொடுக்கிறவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். இல்லாத நாளில் எதிரே வந்து நிற்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை.

தை அறுப்பு முடிந்து பழைய பாக்கி முழுவதும் தீர்ந்தது. அந்த அம்மா ரசீது வாங்க வந்தவர், போகிற போக்கில் ஒரு விஷயத்தைச் சொன்னார். ஐப்பசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை, எருமை விற்ற பணத்தில் மிச்சம் வீட்டில் இருந்ததாம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது.

"என் டப்பை ஊட்ல வெச்சிகினு எனக்கே வித்தை காட்டினியாம்மா?"

"ஆமாண்ணா. குடுத்து அனுப்பியிருந்தா கடன் தீந்திருக்கும், அவுரு பயம் தீந்திருக்காது. கையில ஒண்ணுமில்லாத அன்னிக்கு உங்க எதிர்ல வந்து நிக்கணும். அதானே அவுருக்கு வரல?"

"நான் கணக்கை மூடியிருந்தா?"

"அத்தோட நாங்க போச்சி. அவுரு திரும்பி வர்ற வரிக்கும் அடுப்பு பத்த வெக்கலண்ணா."

அந்த மூன்று நாளுக்கு வட்டி கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அவர் என்னிடம் பேரம் பேசாதது அந்த ஒரு முறைதான்.

சித்திரை பிறந்தது. புதுக்கணக்கில் முனிரத்தினத்தின் பெயரை எழுதி வெற்றிலை பாக்குக் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். மற்றவர்கள் போன பிறகும் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் நாலு கடை கீதேண்ணா."

"தெரியும். ஆள் அனுப்பிச் சொல்லிடறேன்."

"கெட்டதைச் சொல்ல நடந்தே போனீங்களாமே. நல்லதுக்கு மட்டும் ஆளா?"

நான்தான் சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது என்றே அத்தனை நாளும் நினைத்திருந்தேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும். கடன் கேட்டுப் போன எடத்துலல்லாம் உங்க பேரைத்தான் சொன்னாங்க. அதனாலதான் நேரா உங்ககிட்ட வந்தேன். பூட்டினவங்க கையிலதானே சாவி இருக்கும்."

சித்திரை வெயிலில், புது வேட்டியோடு, நான்கு கடைகளுக்கும் நடந்தேன். மூன்று பேர் உடனே சரி என்றார்கள். உரக்கடைக்காரர் மட்டும், "ஒரு தபா ஒளிஞ்சவன் மறுபடியும் ஒளிய மாட்டான்னு இன்னா நிச்சயம்?" என்றார். வந்த வேகத்தில், "ஒளிஞ்சா என்கிட்ட வா, நான் தரேன்" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான், கேட்காமலே ஜாமீன் நின்றுவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்த அம்மாவிடம் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நடந்ததைச் சொல்லுங்கன்னுதான் கேட்டேன், ஜாமீன் நிக்கச் சொல்லல. அப்புறம் அந்தக் கடையில ஓடறது உங்க பேரா, எங்க ஊட்டுக்காரர் பேரா? போயி திருப்பி எடுத்துக்கினு வாங்கண்ணா."

மறுபடியும் போனேன். ஜாமீன் இல்லை, ஆடியிலிருந்து அவர் என்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதை மட்டும் கேள் என்று சொல்லி, மழையில் வந்து நின்றது வரை சொன்னேன். உரக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஜாமீனைத் திருப்பிக் கேட்டு வந்த ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்து முனிரத்தினம் பெயரை எழுதினார்.

இதையெல்லாம் கன்னியம்மாள் ஒரு நாளும் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. அவர் அதிர்ந்து பேசுகிறவர், விலையில் பிடிவாதக்காரர், என் சாக்கைக் குறை சொல்லாமல் ஒரு கட்டும் எடுத்ததில்லை. முனிரத்தினத்தை நாலு பேர் எதிரே கெட்டிக்காரர் என்று ஒரு வார்த்தை புகழ்ந்தும் நான் கேட்டதில்லை. அதற்கு அவசியம் இல்லாமல் போகும்படி பண்ணிவிட்டார், அவ்வளவுதான். லாரியிலிருந்து இறங்கி நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது முனிரத்தினம் வாசலில் உட்கார்ந்திருந்தார். "இனிமே என்னை யாருண்ணா அனுப்புவாங்க?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒருவர் தவறினால் நாம் நான்கு கடைக்குச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பஜார் நடக்காது. அவர் எழுந்துவிட்டால் எத்தனை கடைக்குச் சொல்கிறோம்? கன்னியம்மாள் சொல்லித்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

காட்டுப்பள்ளிப் பக்கத்து மீன்காரர் ஒருவர் கருவாடு கட்ட என்னிடம் சாக்கு எடுப்பார். போன வருஷம் பணம் தராமல் போனார். அவரைப் பற்றி மீஞ்சூரில் இரண்டு கடையில் சொல்லிவைத்திருந்தேன். போன வாரம் அவரே வந்து பாக்கியைத் தீர்த்தார். மறுநாள் ரயில் ஏறி மீஞ்சூர் போனேன்.

"இத்தைச் சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க? லெட்டர் போட்டா போதாதா?" என்றார் கயிற்றுக் கடைக்காரர்.

"போன தடவை நேர்லதானே வந்து சொன்னேன்" என்றேன்.

அவர் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தேன்.