பெரிய காதுப் பிள்ளையார்

இன்று ஷார்ஜாவில் எனக்கு மூன்று கடைகள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். எல்லாம் என் கையால் வந்தது என்று யாரிடமும் சொல்வேன். என் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் மரப்பீடத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் அப்படிச் சொல்ல வாய் வராது. அது ஒரு நைஜீரியாக்காரர் கொடுத்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, துபாய் கராமாவில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருந்தார். ஊரில் அப்பாவோடு சேர்ந்து ராஜாக்களின் தலைகளை மண்ணில் செய்தவராம். இங்கே பகலெல்லாம் சைட்டில் சீலிங்குக்கு பிளாஸ்டர் பூ ஒட்டுவார். ரூமுக்கு வந்ததும் களிமண்ணை எடுத்து, ஒரே முகத்தை வாரக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் சதுர்த்திக்கு எங்கும் மண் பிள்ளையார் கிடைக்கவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, காலண்டர் படத்தைக் காட்டி அவரிடம் கேட்டார். சூளையில் சுட்டுத் தருகிறேன், நூறு வருஷம் நிற்கும் என்றார் அவர். "நோ நோ, காட் நோ ஃபயர்," என்றார் மாமா. மூன்றாம் நாள் கரைத்துவிடுவோம் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் செய்ய மாட்டார் என்ற பயம்.

வந்த பிள்ளையாருக்குக் காது முறம் முறமாக இருந்தது. "இது அவங்க ஊரு யானைடா," என்று அப்பா சிரித்தார். எனக்கு அதைவிட அழகான சாமி கிடையாது.

மூன்றாம் நாள் வாளியில் தண்ணீர் பிடித்தாயிற்று. பெல் அடித்தது. வாசலில் நைஜீரியாக்காரர், கையில் புதுப் பீடம். பிள்ளையார் காலத்துக்கும் உட்கார அவரே செதுக்கியது.

"நீயே சொல்லு மாப்ள," என்று அப்பா உள்ளே நழுவினார்.

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு அத்தான்." மாமா சட்டையைத் தேடினார்.

"ஏமாத்தி வாங்கின சாமி. அவர் சரின்னு சொல்லாம யாரும் கை வைக்கக் கூடாது," என்றாள் அம்மா.

அந்த வீட்டில் தைரியசாலி நான் ஒருத்தன்தான். "அங்கிள், டுடே காட் கோ வாட்டர். ஃபினிஷ்."

அவர் பீடத்தைக் கீழே வைத்தார். "ஃபினிஷ்?"

"நெக்ஸ்ட் இயர் கம்மிங்."

"ஹூ மேக்?"

"யூ," என்றேன், யாரையும் கேட்காமல்.

பீடத்தைச் சுவரோரம் நகர்த்தினார். பிறகு பிள்ளையாரை அவரே வாளிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவர் துபாயை விட்டுப் போகும்வரை ஒவ்வொரு சதுர்த்திக்கும் அவர் செய்த பிள்ளையார்தான் அந்தப் பீடத்தில் உட்கார்ந்தார். அந்தப் புண்ணியத்தில்தான் நான் இருக்கிறேன்.

அந்த முதல் வருஷம், கடைசிக் காது கரையும்வரை அவர் இரண்டு கைகளையும் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார். அங்கிளுக்குத் தண்ணீரில் விளையாடப் பிடிக்கும் போலிருக்கிறது என்று நானும் கையை விட்டு அளைந்தேன்.